‘ஹேச்சட்’ நாவலில் இன்னும் உங்களை விடாத இடம் எது? (அனுபவம் மட்டும், விமர்சனம் வேண்டாமே)

மழைக்காகம்
கேரி பால்சன் 1987இல் எழுதியதுதான். கதை தெரிந்திருக்கும்: பைலட்டுக்கு மாரடைப்பு, விமானம் ஏரியில் விழுகிறது, பெற்றோர் பிரிந்துவிட்ட 13 வயது பிரையன் காட்டில் தனியாக, கையில் அம்மா கொடுத்த கைக்கோடரி மட்டும். இதை என் பையனுக்கு ராத்திரி தூங்கும் முன் ஆங்கிலத்தில் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். அவனுக்குப் பத்து வயது. நானும் அவன் அம்மாவும் பிரிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த ‘ரகசியம்’ வருகிறதே, அம்மா காருக்குள் வேறொருவரை முத்தமிடுவதைப் பிரையன் பார்த்துவிடுவது, அங்கே வந்ததும் எனக்கு வாய் எழவில்லை. “அம்மா ஒரு ஃபிரெண்டோட கார்ல உக்காந்திருந்தாங்க, அவன் பாத்துட்டான்” என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவினேன். பையன் கொஞ்ச நேரம் மின்விசிறியையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். அப்புறம், “அதுக்கு ஏன்ப்பா அவன் இவ்ளோ கோவப்படறான்?” என்றான். நேரமாகிவிட்டது, தூங்கு என்று லைட்டை அணைத்தேன். அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

அரைத்தூக்கம்
எனக்கு முள்ளம்பன்றி ராத்திரி. காலில் குத்திய முட்களைப் பிடுங்கிவிட்டு, இருட்டில் தனியாக உட்கார்ந்து அழுவான். அழுது முடித்தபிறகு பார்த்தால் இருட்டும் அப்படியே இருக்கும், கால் வலியும் அப்படியே இருக்கும். நானும் தம்பியும் ஒரே புத்தகத்தை மாற்றி மாற்றிப் படித்தோம், அவன் எப்போதும் என்னைவிட இரண்டு அத்தியாயம் முன்னால். அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த சமயம், சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதுகொண்டிருந்தேன். வாசலில் நின்று கேட்டான்: “முடிச்சிட்டியாக்கா? கால் இன்னும் வலிக்குதா?” சிரித்துவிட்டேன். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, யாருக்குக் காலில் அடி என்று பதறிக்கொண்டு வந்தார்.

ஒன்பதாம்வரிசை
எல்லாரும் இதைக் குடும்பப் பாசக் கதை மாதிரிச் சொல்கிறீர்கள். எனக்கும் அப்படிச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அவன் காட்டில் இருந்த அந்த 54 நாளும் அம்மாவும் அப்பாவும் அவன் நினைப்பில் மட்டும்தானே வருகிறார்கள்? முடிவைப் பாருங்கள். பிள்ளை உயிரோடு வந்த சந்தோஷத்தில் பெற்றோர் மறுபடி சேர்ந்துவிடுவார்கள் போலத் தோன்றும், சில நாளிலேயே எல்லாம் பழையபடி ஆகிவிடும். ரகசியத்தை அப்பாவிடம் சொல்லிவிடும் அளவுக்கு வந்து, சொல்லாமலே விட்டுவிடுவான். இதில் பாசம் எங்கே இருக்கிறது? பையன் தனியாக வளர்ந்துவிட்டான், அவ்வளவுதான். மழைக்காகம், நீங்கள் மாற்றிச் சொன்னது தப்பு. அந்த ஒரு பக்கத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது மீன் பிடிக்கும் கதைதான்.

என் இடம் கேட்டால், அவசர சிக்னலைக் கேட்டு வந்த விமானத்திலிருந்து ஒருவர் இறங்கி ஆச்சரியமாகப் பார்க்கிறார், இவன் தன் பெயரைச் சொல்லிவிட்டு, ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கேட்கிறான். அங்கே மட்டும் தொண்டை அடைத்தது.

அரைத்தூக்கம்
பாசம் இல்லை என்று சொல்லிவிட்டுத் தொண்டை அடைத்தது என்கிறீர்கள். சரி. சொல்லாமல் விட்டது அப்பா மேல் இருக்கும் பாசம் இல்லையா?

ஒன்பதாம்வரிசை
இல்லை. பயம்.

பழையடார்ச்
என் பொண்ணு இதைப் படித்துவிட்டு, பிரையன் கோடரியைக் கல்லில் அடித்த மாதிரி பொறி வருமா பார்க்கிறேன் என்று சமையலறைக் கத்தியைக் கல்லில் அடித்து முனையை உடைத்துவிட்டாள். கதை அவ்வளவுதான். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பொறி வருவது பெரிய விஷயமே இல்லை, அதைப் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும். கதையிலேயே காய்ந்த புல் பற்றாது, 20 டாலர் நோட்டைக் கிழித்துப் போட்டும் பற்றாது, பிர்ச் மரப்பட்டையை முடிபோல நார்நாராக உரித்த பிறகுதான் பிடிக்கும், அதுவும் ஊதிக் காற்று கொடுத்த பிறகு. குழந்தைகள் பொறியை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறார்கள். பெரியவர் பக்கத்தில் இல்லாமல் இதெல்லாம் கூடாது, கண்ணில் தெறிக்கும். நெருப்பு மூட்டுவதைவிட முதலில் சொல்லித்தர வேண்டியது வேறு: வழி தவறிவிட்டது என்று தெரிந்தால் அலையாதே, இருக்கிற இடத்திலேயே இரு. கழுத்தில் ஒரு விசில், மூன்று முறை ஊதினால் உதவி கேட்பதாக அர்த்தம். பளிச்சென்ற நிறத்தில் சட்டை. தெரியாத பழத்தை வாயில் வைக்காதே. பிரையனும் பசி தாங்காமல் கண்ட பழத்தைத் தின்று வயிற்றுவலியில் சுருண்டுபோவான், அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்துக் காட்டுங்கள். ஆமை முட்டைப் பக்கத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம்.

அரைத்தூக்கம்
யாரும் நெருப்பு மூட்டப் போவதில்லை அண்ணா 😀

மழைக்காகம்
ஒன்பதாம்வரிசை, தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். கடைசி அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். பிரையன் அப்பாவிடம் கடைசிவரை அதைச் சொல்லவில்லை என்று படித்ததும், பையன் எழுந்து உட்கார்ந்துவிட்டான். “ஃபிரெண்டோட உக்காந்திருந்ததைச் சொல்லவா இவ்ளோ யோசிக்கிறான்?” நான் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். “நீங்க மாத்திட்டீங்க, இல்லப்பா?”

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டான். ஆங்கிலம் அவ்வளவாக வராது. இப்போது அகராதியோடு முதல் அத்தியாயத்தில் இருக்கிறான்.