‘டோர்னமெண்ட் ரன்’: ‘ஓட்டம்’ என்று எழுதலாமா?

அன்பர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிய கட்டுரை ஒன்றுக்குக் கலைச்சொற்கள் தேவை. எடுத்துக்கொண்டது 2022 தேசியப் போட்டியில் (என்.சி.ஏ.ஏ.) ஜெர்சி சிட்டியின் செயின்ட் பீட்டர்ஸ் ஆடவர் அணி அடுத்தடுத்து வென்று முன்னேறியது, அதாவது அதன் ‘டோர்னமெண்ட் ரன்’. முடிவுகள்:

மார்ச் 17, இண்டியானாபொலிஸ்: கென்டக்கியை 85–79 (கூடுதல் நேரம்)
மார்ச் 19, அங்கேயே: மரே ஸ்டேட்டை 70–60
மார்ச் 25, ஃபிலடெல்ஃபியா: பர்டூவை 67–64
மார்ச் 27, அங்கேயே: நார்த் கரோலினாவிடம் 49–69 தோல்வி

மூலத்தை மொழிபெயர்ப்புப் பொறியில் போட்டால் இப்படி வருகிறது: “மாநாட்டுப் போட்டியில் தானியங்கி ஏலம் பெற்ற 15வது விதை ஓட்டமெடுத்தது.” நாலு சொல்லும் பிழை. மாநாடு (கான்ஃபரன்ஸ்), ஏலம் (பிட்), விதை (சீடு) மூன்றையும் எப்படியாவது சரிசெய்துவிடலாம். சிக்கல் ‘ரன்’னில்தான். சோதனை வாக்கியங்கள்:

அ) செயின்ட் பீட்டர்ஸின் ரன் ஃபிலடெல்ஃபியாவில் முடிந்தது.
ஆ) இரண்டாம் பாதியில் 12–0 ரன் ஒன்றால் ஆட்டத்தைத் திருப்பினார்கள்.
இ) அணியின் சொந்தக் களம் ரன் பேபி ரன் அரீனா.

மூன்றுக்கும் ஒரே சொல் வேண்டுமா, தனித்தனியா?

தி.

---

> மூன்றுக்கும் ஒரே சொல் வேண்டுமா, தனித்தனியா?

தனித்தனி. (இ) சிறப்புப் பெயர், அதைத் தொடக்கூடாது. 1960களின் பிற்பகுதியில் எதிரணி மூச்சு வாங்குமுன் பந்தைக் கொண்டுபோய்க் கூடையில் போடும் அணி ஒன்று அங்கே இருந்தது. அதன் பட்டப்பெயர்தான் ‘ரன் பேபி ரன்’. 1968 என்.ஐ.டி. (நேஷனல் இன்விடேஷன் டோர்னமெண்ட்) போட்டியில் ட்யூக்கை 100–71 என்று தோற்கடித்த அணி அதுவே. அங்கே ‘ரன்’ என்றால் கால் ஓடும் ஓட்டம்தான்.

(அ)வில் ‘ஓட்டம்’ கூடவே கூடாது என்பேன். தமிழ் வாசகருக்கு விளையாட்டுப் பக்கத்தில் ஓட்டம் என்றாலே கிரிக்கெட். அதைவிட மோசம், “ஓட்டமெடுத்தது”, “ஓட்டம் பிடித்தது” என்றால் பயந்து ஓடியது என்று பொருள். கென்டக்கியை வீழ்த்திய அணியைப் பற்றி அப்படி எழுதுவது அநியாயம்.

ஜெ.

---

ஜெ. தம்பி சொன்னது சரி. என் பரிந்துரை ‘வெற்றித்தொடர்’. எளிமையானது, பழகியது.

வெ.ரா.

---

வெ.ரா. ஐயா, ‘வெற்றித்தொடர்’ ஏற்கெனவே ‘வின்னிங் ஸ்ட்ரீக்’கிற்குப் போய்விட்டது. இரண்டும் வேறு என்பதற்கு இதே போட்டியில் சான்று இருக்கிறது. இரண்டாம் சுற்றில் செயின்ட் பீட்டர்ஸைச் சந்தித்தபோது மரே ஸ்டேட் தொடர்ச்சியாக 21 ஆட்டங்கள் வென்றிருந்தது. அது வெற்றித்தொடர். ஆனால் அந்த 21-இல் தேசியப் போட்டியில் கிடைத்தது ஒன்றே ஒன்று, முதல் சுற்றில் சான் ஃபிரான்சிஸ்கோவை வென்றது. அதை யாரும் ‘டோர்னமெண்ட் ரன்’ என்று சொல்லவில்லை. “21 ஆட்ட வெற்றித்தொடரை ஒரு வெற்றித்தொடர் முடித்துவைத்தது” என்று எழுதினால் படிப்பவர் தலையைச் சொறிவார்.

போதாக்குறைக்குத் ‘தொடர்’ என்பது நமக்குப் போட்டித்தொடரும்தான்.

‘பயணம்’ பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன், யாராவது கட்டாயம் கொண்டுவருவார்கள். பத்திரிகைகள் “பயணம் முடிவுக்கு வந்தது” என்று எழுதித் தள்ளுகின்றன. முதல் சுற்றிலேயே தோற்ற அணிக்கும் அதே வாக்கியம் பொருந்துகிறது. எல்லா அணிக்கும் பொருந்தும் சொல் கலைச்சொல்லுக்கு உதவாது.

சு.

---

அப்படியானால் ‘வெற்றிநடை’?

வெ.ரா.

---

ஐயா, ‘நடை’ கூடைப்பந்தில் தவறு! பந்தைத் தரையில் தட்டாமல் அடியெடுத்து வைத்தால் நடுவர் இரு முன்கைகளையும் ஒன்றையொன்று சுற்றிக் காட்டி விசிலடிப்பார். களத்தில் நம் பையன்கள் அதற்கு ‘டிராவல்’ என்றும் ‘வாக்’ என்றும் சொல்கிறார்கள். அதைத் தமிழாக்கினால் வருவது ‘நடைப்பிழை’தான். மேலும் ‘வெற்றிநடை போடுகிறது’ சுவரொட்டி வாசகம். காலிக் கொட்டகையில் ஓடும் படத்துக்கும் அதைத்தான் ஒட்டுவார்கள்.

ஜெ.

---

சொல் தேடுமுன் பொருளை வரையறுத்துக்கொள்வோம். வழக்கம்போல் நான்தான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2022 தேசியப் போட்டிக் கணக்குப்படி 68 அணிகள். அவற்றில் 32 அணிகள் தத்தம் கூட்டமைப்பின் (கான்ஃபரன்ஸ்) போட்டியை வென்று வருபவை, 36 அணிகள் தேர்வுக்குழு அழைத்துக்கொள்பவை. இவற்றில் எட்டு அணிகள் டேட்டன் நகரில் முன்சுற்று ஆடி நான்காகக் குறைய, மீதம் 64. நான்கு வட்டாரங்கள், வட்டாரத்துக்கு 16 அணிகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 16 வரை ஓர் எண். அதுதான் ‘சீடு’. முதல் சுற்றில் மோதும் இரு எண்களின் கூட்டுத்தொகை எப்போதும் 17: 1 உடன் 16, 2 உடன் 15, 8 உடன் 9. ஆக அந்த எண் வலிமையை மட்டும் காட்டுவதில்லை, மோதல் படத்தில் அணி உட்காரும் கட்டத்தையும் காட்டுகிறது. இதற்குத் ‘தரவரிசை’ ஆகாது, அது பத்திரிகையாளர் வாக்கெடுப்புப் பட்டியலுக்கு வேண்டும். ‘நிலையெண்’ போதும்.

எண்ணின்படியே எல்லாம் நடந்தால் வட்டாரத்துக்குள் 1-க்கு நான்கு வெற்றி, 2-க்கு மூன்று, 3-க்கும் 4-க்கும் இரண்டு, 5 முதல் 8 வரை ஒன்று, 9 முதல் 16 வரை சுழியம். உண்மையில் பெற்ற வெற்றியிலிருந்து இதைக் கழித்தால் வருவதுதான் ‘ரன்’னின் அளவு என்பது என் வரையறை. செயின்ட் பீட்டர்ஸ் 3 – 0 = 3. 15-ஆம் நிலையெண்ணோடு காலிறுதி, அதாவது வட்டார இறுதி வரை வந்த முதல் அணி அது.

கு.மா.

---

> உண்மையில் பெற்ற வெற்றியிலிருந்து இதைக் கழித்தால்

கு.மா. அண்ணா, உங்கள் சூத்திரத்தை அவர்களைத் தோற்கடித்த அணிக்கே போட்டுப் பாருங்கள். நார்த் கரோலினா நிலையெண் 8, எதிர்பார்ப்பு 1 வெற்றி. மார்க்கெட், பெய்லர், யூ.சி.எல்.ஏ., செயின்ட் பீட்டர்ஸ், அரையிறுதியில் ட்யூக் என்று ஐந்து அணிகளை வென்று இறுதியில் கேன்சஸிடம் 69–72. ஐந்தில் ஒன்று போனால் நான்கு. உங்கள் கணக்கில் அவர்களது ரன் செயின்ட் பீட்டர்ஸுடையதைவிடப் பெரிது!

சு.

---

ஆமாம், பெரிதுதான். அதை ஒளிக்க வேண்டியதில்லை. நார்த் கரோலினா ஆடியதும் ரன்தான். இளங்கலை மாணவர்கள் இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் படிக்கும் இடத்திலிருந்து வந்த அணி என்பதால் நமக்குத் தோன்றும் வியப்பு வேறு. அதற்கு அமெரிக்கர்கள் ‘சிண்டரெல்லா’ என்று தனியாகச் சொல் வைத்திருக்கிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லில் திணிக்கப் பார்ப்பதால்தான் குழப்பம்.

மறுபக்கச் சோதனையும் பாருங்கள். 2018-இல் யூ.எம்.பி.சி. (மேரிலாந்துப் பல்கலைக்கழகம், பால்டிமோர் கவுண்டி) வர்ஜீனியாவை 74–54 என்று வீழ்த்தியது. ஆடவர் போட்டியில் 16-ஆம் எண் 1-ஆம் எண்ணை வென்றது அதுவே முதல் முறை. அடுத்த ஆட்டத்தில் கேன்சஸ் ஸ்டேட்டிடம் 43–50. பெரிய ‘அப்செட்’ (எளிய அணி வலிய அணியை வீழ்த்துவது), ஆனால் ரன் இல்லை. எனவே குறைந்தது இரண்டு வெற்றி என்று நிபந்தனை சேர்க்கிறேன்.

கு.மா.

---

‘அப்செட்’ பேச்சு வந்ததால் ஒன்று. நம் நாளிதழ்கள் ‘அதிர்ச்சித் தோல்வி’ என்று எழுதுவது எனக்கு எப்போதும் உறுத்தும். அதிர்ச்சி யாருக்கு? கென்டக்கிக்கு. தோற்றவன் பக்கம் உட்கார்ந்துகொண்டு எழுதும் தலைப்பு அது. டேரில் பேங்க்ஸ் 27 புள்ளி, மாற்று ஆட்டக்காரராக வந்து டக் எடர்ட் 20 புள்ளி. வென்றவர்கள் பக்கத்தில் செய்தி இவ்வளவு இருக்கும்போது, தலைப்பில் தோல்வி மட்டும் நிற்கிறது. (கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே 30 புள்ளியும் 16 ரீபவுண்டும் (கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிப்பது) எடுத்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.)

‘கவிழ்ப்பு’ என்று போடுவோம். “15, 2-ஐக் கவிழ்த்தது.” வினையாகவும் பெயராகவும் வரும், ஐந்தெழுத்து இடம்தான் பிடிக்கும். ஆட்சிக் கவிழ்ப்பு நினைவுக்கு வந்தால் வரட்டுமே, அங்கேயும் நடப்பது அதுதானே.

ஜெ.

---

கவிழ்ப்பு: ஆதரவு. வேறு யாருக்கும் மறுப்பு இல்லையென்றால் முடிந்தது என்று வைத்துக்கொள்வோம்.

சு.

---

(அ)வுக்கு ‘ஏறுமுகம்’ எப்படி? நிலையெண்ணுக்கு மேலே ஏறுவது என்ற கு.மா.வின் பொருளும் உள்ளே இருக்கிறது. அந்த அணியின் சின்னம் மயில். மயிலுக்கு ஏறுமுகம் என்றால் முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

வெ.ரா.

---

ஐயா, தலைப்புக்கு அருமை. எடுத்துக்கொள்கிறோம். மயில் வந்த காரணமும் கட்டுரையில் இருக்கிறது. 1600களில் அப்பகுதி நிலத்துக்கு உரிமையாளரான டச்சுக்காரர் மைக்கேல் பாவ். பாவ் என்றால் டச்சு மொழியில் மயில். அதை லத்தீனாக்கி நிலத்துக்குப் பாவோனியா என்று பெயர் வைத்தார்கள்.

ஆனால் உள்ளே உரையில் ‘ஏறுமுகம்’ தடுமாறுகிறது. “தங்கம் விலை ஏறுமுகம்” என்பது ஒரு நிலை, எண்ண முடியாது. ரன்னுக்குத் தொடக்கமும் முடிவும் அளவும் வேண்டும். “2006-இல் ஜார்ஜ் மேசன், 2018-இல் லொயோலா சிகாகோ, இரண்டும் 11-ஆம் எண்ணிலிருந்து அரையிறுதி வரை சென்ற ஏறுமுகங்கள்.” பன்மையில் பல்லில் மண் கடிபடுவதுபோல் இல்லையா?

தி.

---

‘சுற்றேற்றம்’. சுற்று + ஏற்றம், குற்றியலுகரம் கெட்டுப் புணரும். வினை: சுற்றேறு. விளையாட்டுப் பக்கம் ஏற்கெனவே “அடுத்த சுற்றுக்கு முன்னேறியது” என்றுதான் எழுதுகிறது, அதன் சுருக்கம்தான் இது. எண்ணலாம்: மூன்று வெற்றிச் சுற்றேற்றம். முடியும்: “செயின்ட் பீட்டர்ஸின் சுற்றேற்றம் ஃபிலடெல்ஃபியாவில் முடிந்தது.” கிரிக்கெட்டோடும் மோதாது, பின்னங்கால் பிடரியில் பட ஓடுவதோடும் மோதாது.

சு.

---

சரி. எங்கிருந்து எண்ணுவது? செயின்ட் பீட்டர்ஸ் அட்லாண்டிக் சிட்டியில் தன் கூட்டமைப்பின் போட்டியில் மூன்று ஆட்டம் வென்று, இறுதியில் மன்மத் பல்கலைக்கழக அணியை 60–54 என்று வீழ்த்தித்தான் உள்ளேயே வந்தது. அந்தப் போட்டியை வென்றிராவிட்டால் அழைப்பே கிடையாது. ‘போஸ்ட்சீசன் ரன்’ என்றால் அந்த மூன்றும் சேர்ந்து ஆறு. ‘டோர்னமெண்ட் ரன்’ என்றால் மூன்றுதான். மூலத்தில் எது இருக்கிறது என்று பார்க்காமல் எழுதினால் எண் தவறும்.

அப்படியே ‘தானியங்கி ஏலத்தை’யும் ஒழித்துக்கட்டலாம். கூட்டமைப்பை வென்று வருவது ‘வெற்றிவழி இடம்’, குழு அழைப்பது ‘தேர்வுவழி இடம்’. இயந்திரமும் இல்லை, சுத்தியலும் இல்லை.

ஒரு எச்சரிக்கை: ‘சிறு கல்லூரி’ என்பதை இந்த அணிக்கு அடைமொழியாகப் போடும்போது கவனம். 2012 வரை அதன் பெயரே செயின்ட் பீட்டர்ஸ் காலேஜ், அளவும் சிறியது, ஆனால் ஆடுவது முதல் பிரிவில். அமெரிக்க விளையாட்டு எழுத்தில் ‘சிறு கல்லூரிக் கூடைப்பந்து’ என்றால் பெரும்பாலும் விளையாட்டு உதவித்தொகையே இல்லாத மூன்றாம் பிரிவு போன்றவை. அவற்றுக்குத் தனிப் போட்டி, தனிக் கோப்பை. ‘சிறிய கல்லூரி’ என்று அளவை மட்டும் சொல்லிவிடுங்கள்.

ஜெ.

---

(ஆ) அந்தரத்தில் நிற்கிறது. ஒரு ஆட்டத்துக்குள், எதிரணி புள்ளி எடுக்காமல் ஒரே அணி தொடர்ந்து எடுப்பதற்குச் ‘சரம்’ என்கிறேன். 12–0 சரம். சரவெடி தெரிந்த எவருக்கும் விளக்கம் வேண்டாம். நேர்முக வர்ணனையில் மூச்சுவிடாமல் சொல்லவும் முடியும். “எதிரணிப் பயிற்சியாளர் சரத்தை அறுக்க இடைவேளை கேட்டார்” என்று வினையும் தானாக வருகிறது.

சு.

---

14–2 போன்றவற்றையும் ரன் என்கிறார்களே?

தி.

---

நடுவே ஒரு வெடி நமுத்துப்போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். சரம் சரம்தான்.

சு.

---

பட்டியலில் ஏற்றியவை: நிலையெண், கூட்டமைப்பு, வெற்றிவழி இடம், தேர்வுவழி இடம், கவிழ்ப்பு, சரம். ‘சுற்றேற்றம்’ தற்காலிகம். குறிப்பு: நிலையெண் எதிர்பார்ப்பைவிடக் கூடுதலான, குறைந்தது இரண்டு வெற்றிகள், கூட்டமைப்பு ஆட்டங்களைச் சேர்த்தால் ‘பின்பருவச் சுற்றேற்றம்’ என்று வெளிப்படையாகச் சொல்லவும். ‘சிண்டரெல்லா’ அப்படியே இருக்கட்டும். ‘கறுப்புக் குதிரை’ (டார்க் ஹார்ஸ்) பந்தயத்துக்கு முன் சொல்வது, இது பின்னால் சொல்வது.

கு.மா.

---

நன்றி. பக்கத்தில் ஓட்டிப் பார்த்தோம். தலைப்பு “மயில்களின் ஏறுமுகம்”, உள்ளே சுற்றேற்றம். ஒரே கோளாறு: குறுகிய பத்தியில் வரி முடிவில் உடைந்து “சுற்றே” மேலேயும் “ற்றம்” கீழேயும் போகிறது. மேலே இருப்பதை அவசரத்தில் ‘சற்றே’ என்று படித்துவிடலாம். இந்தச் சொல்லை உடைக்காதே என்று வடிவமைப்பவரிடம் சொல்லியாயிற்று. பட்டியலிலும் அதைக் குறித்துவிடுங்கள் கு.மா.

தி.