மூன்று மணி நேரம் மும்பை லோக்கல் ட்ரெயினில் நிற்கிறவனுக்கு ஜிம் தேவையா?

முத்து, டோம்பிவிலி:
வணக்கம். வயது 36, உயரம் 170 செ.மீ., எடை 81 கிலோ, இடுப்புச் சுற்றளவு 97 செ.மீ. லோயர் பரேலில் அக்கவுண்ட்ஸ் வேலை. போன வாரம் ஆபீஸில் நடந்த மெடிக்கல் செக்கப்பில் மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம் என்று வந்தது. "சர்க்கரை வியாதி இன்னும் வரவில்லை, ஆனால் எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள், உடற்பயிற்சி ஆரம்பியுங்கள்" என்றார் டாக்டர். என்ன பயிற்சி என்று சொல்லவில்லை. காலை ஏழேகாலுக்குக் கிளம்பினால் ராத்திரி எட்டரைக்குத்தான் வீடு. போக வர மூன்று மணி நேரம், பெரும்பாலும் நின்றுகொண்டே. பள்ளியில் கபடி ஆடியதோடு சரி, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. பக்கத்து ஜிம்மில் ஒரு வருஷத்துக்கு மொத்தமாகக் கட்டினால் பாதி விலை என்கிறார்கள். சேரலாமா, நடந்தால் போதுமா? ட்ரெயினில் படுகிற பாடே ஒரு பயிற்சிதானே என்கிறார் உடன் வேலை பார்க்கிற நண்பர்.

ராகவன், செம்பூர்:
தம்பி, தயவுசெய்து வருஷப் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். உங்கள் நிலைமைக்கு நடைதான் மருந்து. சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு, உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்த இந்தியர்களை மூன்று வருஷம் பார்த்து 2006ல் ஆய்வு முடிவை வெளியிட்டது. உணவைத் திருத்தி, உட்கார்ந்த வேலைக்காரர்களை தினம் அரை மணி நடக்க வைத்தார்கள். சர்க்கரை வியாதியாக முற்றுவது 28 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. அங்கே யாருக்கும் இரும்பு தூக்கச் சொல்லவில்லை. மூன்று மாதம் நடங்கள், உடம்பு பழகட்டும். மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

செல்வம், தாராவி:
ராகவன் சார் சொன்ன ஆய்வு உண்மை, மறுக்கவில்லை. ஆனால் "மற்றதை அப்புறம்" என்கிற இடத்தில்தான் நம் ஆட்கள் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். முத்து தம்பியின் உடம்பை யோசித்துப் பாருங்கள். தினம் பிளாட்பாரம், பாலம், ஆட்டோ ஸ்டாண்டு என்று ஏற்கெனவே கொஞ்சம் நடக்கிறார். அவரிடம் இல்லாதது தசை. சாப்பிட்டதும் ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரும்பகுதியை வாங்கிக்கொள்வது தசைதான், அதிலும் தொடையும் பின்பக்கமும். முப்பது தாண்டினால் சும்மா இருக்கிறவனுக்குத் தசை கரைய ஆரம்பிக்கும். நம் நாட்டு ஆண்களுக்கு எடை அதிகம் இல்லாவிட்டாலும் தொப்பை இருக்கும், கை கால் மெலிந்திருக்கும். இடுப்பு 90 செ.மீ. தாண்டினாலே இந்திய ஆண்களுக்கு எச்சரிக்கை என்று வைத்திருப்பது சும்மாவா? முதல் வாரத்திலிருந்தே வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி வேண்டும். வருஷக் கட்டணம் வேண்டாம் என்பதில் மட்டும் சாரோடு ஒத்துப்போகிறேன். பரேல், லால்பாக் பக்கம் துணி மில் காலத்து வியாயாம்சாலைகள், அதாவது பழைய உடற்பயிற்சிக் கூடங்கள், இன்னும் இருக்கின்றன. ஹனுமான் படம், பழைய டம்பெல், கர்லாக்கட்டை, மாதக் கட்டணம் ரொம்பக் கம்மி. ஆபீஸ் முடிந்து நேராக அங்கே போய்விடுங்கள்.

முத்து, டோம்பிவிலி:
அண்ணே, ஆபீஸ் முடிந்து போனால் வீடு சேரப் பத்து மணி ஆகிவிடும். பொண்ணு ஒன்பதரைக்குத் தூங்கிவிடுவாள், அவள் முழித்திருக்கும்போது பார்க்கிறதே அந்த ஒரு மணி நேரம்தான். காலையிலும் முடியாது. எங்கள் கட்டடத்தில் ஐந்தரைக்குத் தண்ணீர் விடுவார்கள், நிற்பதற்குள் பிடிக்க வேண்டும். மனைவியும் வேலைக்குப் போகிறாள், சமையலில் நான் பாதி.

விக்னேஷ், வாஷி:
ஓடுங்கள். ஷூ மட்டும் வாங்கினால் போதும். ஜனவரியில் மும்பை மாரத்தான் வருகிறது, பத்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்துவிட்டால் தன்னால் ஒழுங்கு வந்துவிடும். தேதி ஒன்று முன்னால் இல்லாமல் யாராலும் தொடர முடியாது. கூடவே காலையில் ஒரு ஸ்கூப் வே புரோட்டீன், பாலிலிருந்து எடுக்கிற புரதப் பவுடர்.

கோகிலா, முலுண்ட்:
நான் பிசியோதெரபிஸ்ட். முதலில் ட்ரெயின் விஷயம். நிற்பது பயிற்சி ஆகாது. கால் வலிக்கும், முதுகு பிடிக்கும், ஆனால் மூச்சும் வாங்காது, தசையும் வளராது. தாதரில் மத்திய ரயில்வேயிலிருந்து மேற்கு ரயில்வேக்கு மாறும் பாலம் ஏறுவது கணக்கில் வரும், ஆனால் கூட்டத்தோடு நகர்ந்தால் அதுவும் வராது. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்கிற அளவுக்கு மூச்சு வாங்கினால்தான் அது மிதமான பயிற்சி. உலக சுகாதார நிறுவனம் வாரம் 150 நிமிஷம் கேட்பது அந்த வேகத்தில்தான். ராகவன் சார், அதே அறிக்கையில் வாரம் இரண்டு நாளாவது தசைக்குப் பயிற்சி என்று தனியாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியை எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

விக்னேஷ், 81 கிலோவோடு சிமெண்ட் ரோட்டில் முதல் வாரமே ஓடினால் முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு வலியோடு என்னைப் போன்றவர்களிடம்தான் வருவார்கள். ஓட ஆசை இருந்தால் ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை என்று மாற்றி மாற்றிச் செய்யலாம். அதுவும் ஜூனில் மழை பிடித்தால் செப்டம்பர் வரைக்கும் நின்றுபோகும்.

முத்து சார், இரண்டு கேள்வி. ரத்த அழுத்தம் எவ்வளவு? வீட்டில் யாருக்காவது சின்ன வயதில் இதயக் கோளாறு உண்டா?

முத்து, டோம்பிவிலி:
பிபி 138/88 என்று எழுதியிருக்கிறார்கள் மேடம். அப்பாவுக்கு 52 வயதில் அட்டாக் வந்தது. இப்போது நன்றாக இருக்கிறார், ஊரில்தான், அம்பாசமுத்திரம்.

ராகவன், செம்பூர்:
இதற்குத்தான் பயந்தேன். செல்வம், இந்தப் பையனையா முதல் வாரமே எடை தூக்கச் சொல்கிறீர்கள்? ஜிம்மில் விழுந்து இறந்தவர்கள் செய்தி வருவதைப் பார்க்கிறோமே. எனக்கு இதில் விளையாட்டு இல்லை. கல்யாணமாகி ஒரு குழந்தை இருக்கிற ஆள்.

செல்வம், தாராவி:
சார், உங்கள் கவலை புரிகிறது. ஆனால் 'எடை' என்றதும் நீங்கள் தலைக்கு மேல் நூறு கிலோவை நினைக்கிறீர்கள். நான் சொல்வது நாற்காலியில் உட்கார்ந்து எழுவது. தன் உடம்பையே கை ஊன்றாமல் பத்து தடவை தூக்க முடியாத ஆட்களை எங்கள் தெருவிலேயே காட்டுகிறேன், வயது நாற்பதுகூட இருக்காது. பயந்து பயந்து நடையோடு நிறுத்தினால் ஐம்பதில் மாடிப்படிக்கே மூச்சு வாங்கும். பயம் இருக்கிறவனுக்குத்தான் பலம் அதிகமாக வேண்டும்.

கோகிலா, முலுண்ட்:
அப்பாவுக்கோ கூடப்பிறந்த அண்ணன் தம்பிக்கோ 55 வயதுக்கு முன்னால் இதயக் கோளாறு வந்திருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லியிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன், யாரும் கேட்பதில்லை. இந்த வாரமே ஒரு டாக்டரைப் பார்த்து இதையும் பிபியையும் சொல்லுங்கள். ஈசிஜி வேண்டுமா, வேறு பரிசோதனை வேண்டுமா என்று அவர் முடிவு செய்யட்டும். அதுவரை சாதாரண நடைக்குத் தடையில்லை. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவுகிற வலி, தலைசுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சிரைப்பு, இதில் எது வந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், "வாயு" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கக் கூடாது.

ஆனால் பலப் பயிற்சியே கூடாது என்பதில் நான் ராகவன் சார் பக்கம் இல்லை. டாக்டர் சரி என்றதும் ஆரம்பிக்கலாம். ஆபத்து பெரும்பாலும் மூச்சை அடக்கித் தூக்குவதில் வருகிறது. மூச்சை அடக்கினால் பிபி ஒரேயடியாக ஏறும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே செய்கிற மாதிரி சொல்கிறேன். சுவரை ஒட்டி ஒரு நாற்காலி, சக்கரம் இல்லாதது. நுனியில் உட்காருங்கள், பாதம் தோள் அகலத்துக்கு, குதிகால் தரையில் பதிந்திருக்கட்டும். கையை மார்பில் கட்டிக்கொண்டு உடம்பைச் சற்று முன்னால் சாய்த்து எழுங்கள். திரும்ப உட்காரும்போது தொப்பென்று விழாமல் மனதில் மூன்று எண்ணி இறங்குங்கள். அந்த இறக்கத்தில்தான் தொடைக்கு வேலை. பத்து தடவை, ஒரு நிமிஷம் ஓய்வு, மறுபடி பத்து. அடுத்து தண்டால், ஆனால் தரையில் வேண்டாம், சமையல் மேடையில் கை ஊன்றிச் செய்யுங்கள். அதற்கப்புறம் முதுகுக்கு: ஆபீஸ் பையில் இரண்டு லிட்டர் பாட்டில் இரண்டு போட்டு, இடுப்பில் மடங்கிக் குனிந்து, ஒரு கையால் பையை விலா வரைக்கும் இழுங்கள். முதுகு வளையக் கூடாது. மொத்தம் இருபது, இருபத்தைந்து நிமிஷம். இன்னும் இரண்டு மூன்று முடியும் என்கிறபோதே நிறுத்திவிடுங்கள். பன்னிரண்டு தடவை சுலபமாக வந்தால் நாற்காலியைத் தாழ்வான ஸ்டூலாக மாற்றலாம், பையில் இன்னொரு பாட்டில் சேர்க்கலாம்.

ஒன்றை மறக்க வேண்டாம். முதல் நாள் உற்சாகத்தில் இருநூறு பஸ்கி போடுகிறவர்கள் உண்டு. இரண்டாம் மூன்றாம் நாள் வலி சகஜம், தானே போய்விடும். ஆனால் தாங்க முடியாத வலியும் வீக்கமும், சிறுநீர் டீ டிகாக்‌ஷன் நிறத்திலும் வந்தால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தம். உடனே ஆஸ்பத்திரி.

ராகவன், செம்பூர்:
கோகிலா மேடம் சொல்வதில் முறை இருக்கிறது. இருந்தாலும் என் கருத்து மாறவில்லை. நேரமே இல்லாத ஆளிடம் இரண்டு வேலை கொடுத்தால் இரண்டும் நின்றுபோகும். ராத்திரி ஒன்பது மணிக்குப் பயிற்சி செய்தால் தூக்கமும் கெடும்.

கோகிலா, முலுண்ட்:
மிதமாகச் செய்தால் கெடாது சார். படுக்கப் போகிற ஒரு மணி நேரத்துக்குள் கடுமையாகச் செய்வதைத்தான் தவிர்க்க வேண்டும். இவர் ஒன்பதரைக்கு ஆரம்பித்துப் பத்துக்குள் முடித்து, பதினொன்றுக்குப் படுக்கலாம்.

விக்னேஷ், வாஷி:
புரோட்டீன் பற்றி யாருமே பேசவில்லையே. அது இல்லாமல் தசை எங்கிருந்து வரும்?

ராகவன், செம்பூர்:
அந்தப் பவுடர் கிட்னியைக் கெடுக்கும்.

செல்வம், தாராவி:
பவுடர் வேண்டாம் என்பதில் நானும் ராகவன் சாரும் ஒன்று, காரணம் மட்டும் வேறு. விலைக்கு ஏற்ற பலன் முட்டையிலேயே இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம், ஐம்பது கிராம் நிலக்கடலையில் 12 கிராம், முப்பது கிராம் சோயா உருண்டையில் 15 கிராம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ல் சொன்ன கணக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு தினம் 0.83 கிராம். தம்பிக்கு 67 கிராம் வருகிறது, பயிற்சி செய்தால் கொஞ்சம் கூடவே வேண்டும். இட்லி, டப்பாவில் சப்பாத்தி, ஸ்டேஷனில் வடா பாவ், ராத்திரி ரசம் சாதம் என்று ஓடினால் அதில் பாதிகூடத் தேறாது. சில ஜிம்களில் ட்ரெய்னரே லேபிள் இல்லாத டப்பாவும் ஊசியும் விற்கிறார். புதிதாக வருகிற பையன்கள் ஆறு மாதத்தில் உடம்பு வேண்டும் என்று அதில் விழுகிறார்கள். தம்பி எந்த ஜிம்மில் சேர்ந்தாலும் ஊசி என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே வெளியே வந்துவிட வேண்டும்.

கோகிலா, முலுண்ட்:
சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர்களை இந்த அளவு புரதம் கெடுப்பதில்லை, ராகவன் சார். சர்க்கரை எல்லையில் இருப்பதால் டாக்டரைப் பார்க்கும்போது சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளட்டும். முதலில் அந்த வடா பாவ் இடத்தில் அவித்த கடலையோ இரண்டு முட்டையோ வரட்டும்.

முத்து, டோம்பிவிலி:
எல்லோருக்கும் நன்றி. சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கிறேன், அப்பா விஷயத்தையும் சொல்கிறேன். ஜிம் பணம் கட்டவில்லை. ராத்திரி சாப்பிட்டதும் பொண்ணைக் கூட்டிக்கொண்டு சொசைட்டி வளாகத்துக்குள், எங்கள் குடியிருப்பிலேயே, கால் மணி நேரம் நடை. டாக்டர் சரி என்றால் புதன் ராத்திரியும் ஞாயிறு காலையும் நாற்காலிப் பயிற்சி.

செல்வம், தாராவி:
நல்லது தம்பி. ஆனால் நாற்காலியோடு நின்றுவிடாதீர்கள். மூன்றாவது மாதம் ஒரு ஞாயிறு தாராவி வாருங்கள், பார்பெல், அதான் இரண்டு முனையிலும் எடை மாட்டுகிற நீளக் கம்பி, எப்படிப் பிடிப்பது என்று காட்டுகிறேன்.

ராகவன், செம்பூர்:
மூன்றாவது மாதம் முதலில் ரத்தப் பரிசோதனை. 6.1 இறங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு பார்பெல் பற்றிப் பேசுங்கள். சாப்பிட்டதும் கால் மணி நேரம் நடப்பது நல்லது, சர்க்கரை ஏறுவதை அது குறைக்கும். ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. ஆபீஸில் மதியச் சாப்பாட்டுக்கப்புறமும் பத்து நிமிஷம் சேருங்கள், குழந்தையோடு நடக்கிற வேகம் போதாது.

செல்வம், தாராவி:
பரிசோதனையில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் பலம் வேண்டும் சார். அதற்கு இது நிபந்தனை ஆகாது.

முத்து, டோம்பிவிலி:
மேடம், ஒரு சந்தேகம். இப்போது நாற்காலியில் சும்மா உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். வலது முட்டியில் 'டக்' என்று சத்தம் வருகிறது. விடலாமா?

கோகிலா, முலுண்ட்:
வலியோ வீக்கமோ இல்லையென்றால் சத்தத்துக்குப் பயப்பட வேண்டாம். முட்டி உள்பக்கமாக மடிகிறதா என்று மட்டும் கண்ணாடி முன்னால் பாருங்கள். மடிந்தால் பாதத்தை இன்னும் கொஞ்சம் அகட்டி வையுங்கள், இரண்டாவது கால்விரல் பார்க்கிற திசையிலேயே முட்டியும் போகட்டும். அப்படியும் வலித்தால் நாற்காலி மேல் ஒரு தலையணை போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.