தூக்கம் வராத அலர்ஜி மாத்திரை: நாள் முழுக்க வண்டி ஓட்டுபவர் எதை எடுக்கலாம்?

சாலைவாசி:

எனக்கு வருடம் முழுக்கவே தூசி அலர்ஜி. காலையில் எழுந்ததும் அடுக்கடுக்காகத் தும்மல், மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகும், கண் அரிக்கும், மதியத்துக்கு மேல் மூக்கு அடைத்துக்கொள்ளும். குளோர்பெனிரமின் போட்டால் தும்மல் நிற்கிறது, ஆனால் அன்று முழுக்கத் தலை கனத்து, கண் சொக்கிக்கொண்டே இருக்கிறது. வேன் ஓட்டுவதுதான் என் வேலை என்பதால் இது எனக்குச் சரிப்படாது.

தூக்கம் வராத மாத்திரை என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பெயர் சொல்கிறார்கள். செட்டிரிசின், லெவோசெட்டிரிசின், லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின். இதில் எது உண்மையிலேயே தூக்கம் தராது? தினமும் போடலாமா? ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே ஒரு மாத்திரை எடுக்கிறேன், நெஞ்செரிச்சல் வந்தால் ஆன்டாசிட் சிரப்பும் குடிப்பேன், இவற்றோடு சேர்ந்தால் ஏதாவது ஆகுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வேப்பங்காற்று:

செட்டிரிசின் போடுங்க நண்பரே, ராத்திரி படுக்கும்போது ஒன்று. எனக்குப் பல வருடமாக அதுதான். தூக்கம் வந்தாலும் ராத்திரியிலேயே போய்விடும், காலையில் பிரச்சினை இல்லை.

மருந்துமேசை:

மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இந்தக் கேள்வியோடு வருபவர்கள் நிறைய, அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சாலைவாசி, வேலை நாட்களில் குளோர்பெனிரமினை முதலில் விட்டுவிடுங்கள். அது பழைய தலைமுறை மருந்து, ரத்தத்திலிருந்து மூளைக்குள் சுலபமாகப் புகுந்துவிடும். மூக்கில் தும்மலைக் கிளப்பும் அதே ஹிஸ்டமின்தான் மூளையில் நம்மை விழிப்பாக வைத்திருக்கிறது, அங்கேயும் போய் அதைத் தடுத்தால் தூக்கம் வரத்தான் செய்யும். கண் சொக்காத நாளிலும் கவனமும் பிரேக் போடும் வேகமும் குறைந்திருக்கும், அது ஓட்டுபவருக்கே தெரியாது என்பதுதான் எனக்குப் பெரிய கவலை. முந்தின இரவு போட்டதன் மிச்சம் மறுநாள் காலை வரை இருக்கும். டைஃபென்ஹைட்ரமின், புரோமெத்தசின், ஹைட்ராக்சிசின் எல்லாம் இந்த வகைதான். பல இருமல் சிரப்புகளிலும் சளி மாத்திரைகளிலும் இவை கலந்திருக்கும், அட்டையின் பின்பக்கத்தைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

புதிய தலைமுறை மருந்துகள் மூளைக்குள் அதிகம் போகாது, போனாலும் அங்கிருக்கும் ஒரு புரதம் அவற்றைத் திரும்ப வெளியே தள்ளிவிடும். ஆனால் எல்லாமே ஒரே அளவு இல்லை. செட்டிரிசின் இந்தப் பட்டியலில் இருந்தாலும் சிலருக்கு நன்றாகவே தூக்கம் தரும். 10 மி.கி. கொடுத்துப் பார்த்த பரிசோதனைகளில் நூற்றுக்குச் சுமார் 14 பேருக்குத் தூக்கக் கலக்கம் இருந்தது, மருந்தே இல்லாத போலி மாத்திரை எடுத்தவர்களில் அது 6 பேர். லெவோசெட்டிரிசினும் அதன் உடன்பிறப்புதான். வேப்பங்காற்று, உங்களுக்கு ஒத்துவருவது நல்லது, ஆனால் அந்த மருந்தின் வேலை 24 மணி நேரம் நீடிப்பதால் இரவில் போட்டால் காலையில் எல்லோருக்கும் தெளிந்துவிடும் என்று சொல்ல முடியாது. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் விமானிகளுக்கு லோரடடின், டெஸ்லோரடடின், ஃபெக்ஸோஃபெனடின் மூன்றையும் அனுமதிக்கிறது. செட்டிரிசின் போட்டுக்கொண்டு விமானம் ஓட்ட விடுவதில்லை. ஓட்டுநர்களுக்கும் நான் அந்த வரிசையைத்தான் சொல்வேன்.

உங்கள் நிலைமைக்கு ஃபெக்ஸோஃபெனடின் அல்லது லோரடடின். ஃபெக்ஸோஃபெனடின் வழக்கமாக ஒரு நாளைக்கு 120 அல்லது 180 மி.கி., லோரடடின் 10 மி.கி., ஒரே வேளை. இந்த இரண்டிலும்கூட ஒருசிலருக்குக் கலக்கம் வரலாம் என்பதால் முதல் மாத்திரையை வேலை இல்லாத நாளில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்டியரிங்கைப் பிடியுங்கள். தும்மல் அடங்கவில்லையே என்று அதே நாளில் இரண்டாவது லோரடடினைப் போடாதீர்கள், அளவைக் கூட்டினால் அதுவும் தூக்கம் தரும். இரண்டு அலர்ஜி மாத்திரைகளை ஒன்றாகப் போடுவதும் வேண்டாம்.

இப்போது ஆன்டாசிட். அலுமினியமும் மெக்னீசியமும் உள்ள சிரப்பை ஃபெக்ஸோஃபெனடினோடு ஒட்டிக் குடித்தால் மருந்தில் சுமார் 40 சதவீதம் உடம்பில் சேராமலே போய்விடும். இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரம் விடுங்கள். பழச்சாறும் இதையே செய்யும், ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃப்ரூட் எதுவானாலும் சரி. குடலில் மருந்தை உள்ளே இழுக்கும் வழியை அது அடைத்துவிடுகிறது. "ஃபெக்ஸோ எனக்குக் கேட்கவே இல்லை" என்று சொல்பவர்களிடம் எதில் விழுங்கினீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். தண்ணீரில் மட்டும் விழுங்குங்கள்.

ரத்த அழுத்தம் இருப்பவர்களுக்குத் தனி ஃபெக்ஸோஃபெனடினும் தனி லோரடடினும் பொதுவாகப் பிரச்சினை செய்யாது. அதே பெயரோடு கடைசியில் 'டி' சேர்ந்து வரும் மாத்திரைதான் ஆபத்து, அதில் மூக்கடைப்புக்காக சூடோஎஃபெட்ரின் இருக்கும். சில சளி மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் இருக்கும். இவை ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை, அழுத்தத்தை ஏற்றும், நெஞ்சு படபடக்கும், இரவுத் தூக்கமும் கெடும். புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் போவதே சிரமமாகிவிடும். உங்கள் பிரஷர் மாத்திரையின் பெயரை மருந்துக்கடையில் காட்டி ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சாலைவாசி:

ரொம்ப நன்றிங்க. பழச்சாறு விஷயம் யாருமே சொன்னதில்லை. இன்னொன்று, இந்த மாத்திரைகளால் இதயத்துக்கு ஆபத்து என்று ஒருவர் பயமுறுத்துகிறார். அதில் உண்மை இருக்கிறதா?

மருந்துமேசை:

அந்தப் பயத்துக்குப் பின்னால் ஒரு நிஜமான வரலாறு இருக்கிறது. தூக்கம் தராத மருந்து என்று முதலில் பெரிதாகப் பரவியது டெர்ஃபெனடின். கல்லீரல் அதை வேகமாக மாற்றிவிடும் வரை பிரச்சினை இல்லை. எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்ற மருந்துகளோடு சேர்ந்தால் அந்த மாற்றம் தடைபட்டு டெர்ஃபெனடின் அப்படியே ரத்தத்தில் ஏறி, இதயத் துடிப்பின் தாளத்தைக் கெடுத்து, சிலரின் உயிரையே எடுத்தது. அமெரிக்கச் சந்தையிலிருந்து 1998-ல் அதையும் 1999-ல் அஸ்டெமிசோலையும் எடுத்துவிட்டார்கள். நம் உடம்புக்குள் டெர்ஃபெனடின் எதுவாக மாறியதோ அதுதான் ஃபெக்ஸோஃபெனடின். அலர்ஜியை அடக்கிய வேலையும் அதனுடையதுதான், இதயத்தைத் தொடும் குணம் மட்டும் அதில் இல்லை. அதனால் சொன்ன அளவில் ஃபெக்ஸோஃபெனடினோ லோரடடினோ எடுப்பவர் இதற்காகப் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே இதயத் துடிப்புக் கோளாறு இருப்பவர்கள் எந்த அலர்ஜி மாத்திரைக்கும் முன்னால் டாக்டரைக் கேட்பதுதான் சரி.

பனித்திவலை:

சாலைவாசி, மதியத்துக்கு மேல் மூக்கு அடைக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதை யாரும் கவனித்த மாதிரி தெரியவில்லை. மாத்திரை தும்மலுக்கும் ஒழுகலுக்கும் அரிப்புக்கும் நன்றாகக் கேட்கும், அடைப்புக்கு அவ்வளவாகக் கேட்காது. எனக்கும் இதே தொந்தரவு. டாக்டர் மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்ப்ரே கொடுத்தபிறகுதான் ஒழுங்காக மூச்சு விட முடிந்தது. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் இந்த வகை. ஸ்டீராய்டு என்றதும் பயந்துவிடாதீர்கள், மூக்கில் அடிக்கும் அளவில் உடம்புக்குள் போவது மிகக் குறைவு, அதனால் தூக்கமும் வராது.

ஆனால் அடித்த அன்றே பலனை எதிர்பார்க்கக் கூடாது, முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம்கூட ஆகும். தினமும் விடாமல் அடிக்க வேண்டும். அடிக்கும் விதமும் முக்கியம். தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, வலது துவாரத்துக்கு இடது கையாலும் இடது துவாரத்துக்கு வலது கையாலும் அடித்தால் முனை தானாக வெளிப்பக்கம், அதாவது கண்ணோரத்தைப் பார்த்து இருக்கும். நடுச்சுவரைப் பார்த்து அடித்தால் ரத்தம் கசியும். அடித்ததும் பலமாக உறிஞ்சாதீர்கள், தொண்டைக்குப் போய்விடும்.

இதையும் உடனடியாக அடைப்பைத் திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்தையும் ஒன்றாக நினைத்துவிடாதீர்கள். அவற்றைச் சில நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்து இறங்க இறங்க அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும், விடவே முடியாமல் போகும். பிரஷர் உள்ளவருக்கு அது இன்னும் கூடாது.

வேப்பங்காற்று:

மருந்துமேசை அவர்களே, நான் வருடக்கணக்கில் எடுக்கிறேன் என்றேன் அல்லவா, நடுவில் நிறுத்தினால் இரண்டொரு நாளில் உடம்பெல்லாம் தாங்க முடியாத அரிப்பு. எனக்கு அலர்ஜி தூசியால் மூக்கில்தான், தோலில் எப்போதும் இருந்ததில்லை. இது என்ன?

மருந்துமேசை:

நீங்கள் சொல்வது கற்பனை இல்லை. அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 மே மாதத்தில் இதைப் பற்றியே எச்சரிக்கை வெளியிட்டது. செட்டிரிசின் அல்லது லெவோசெட்டிரிசினை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் தினமும் எடுத்துவிட்டு நிறுத்தும்போது, முன்பு தோல் அரிப்பே இல்லாதவர்களுக்கும் சில நாட்களுக்குள் கடுமையான அரிப்பு வரலாம். அரிதுதான். மாத்திரையை மறுபடி தொடங்கினால் பெரும்பாலானவர்களுக்கு அடங்கிவிடுகிறது, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தியபோது சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. நீங்களாகவே திடீரென்று விடாமல் டாக்டரிடம் சொல்லிப் படிப்படியாகக் குறையுங்கள்.

தினமும் எடுக்கலாமா என்று சாலைவாசி கேட்டதற்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எடுக்கலாம். அலர்ஜி கிளம்பிய பிறகு துரத்துவதைவிடத் தூசியில் இறங்குவதற்கு முன்பே மாத்திரை உடம்பில் இருந்தால் நன்றாக வேலை செய்யும். ஆனால் மாதக்கணக்கில் மாத்திரை இல்லாமல் முடியவில்லை என்றால் அது டாக்டரைப் பார்க்க வேண்டிய நேரம். எதனால் அலர்ஜி என்று கண்டுபிடித்து, படுக்கைக்குத் தூசிப்பூச்சி புகாத உறை போடுவது, விரிப்புகளை 60 டிகிரி வெந்நீரில் வாரம் ஒருமுறை துவைப்பது என்று ஆரம்பித்தாலே சிலருக்கு மாத்திரையின் தேவை குறையும்.

சாலைவாசி:

கடைசியாக ஒன்று. என் அம்மாவுக்கும் அடிக்கடி தும்மல், வீட்டில் இருக்கும் செட்டிரிசினை எடுத்துப் போட்டுக்கொள்கிறார். வயது எழுபதுக்கு மேல், சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தொடரலாமா?

மருந்துமேசை:

டாக்டரிடம் கேட்காமல் தொடர வேண்டாம் சார், இதைத் தயவுசெய்து இன்றே சொல்லிவிடுங்கள். செட்டிரிசின் பெரும்பாலும் சிறுநீர் வழியாகத்தான் வெளியேறும். சிறுநீரகம் மெதுவாக வேலை செய்தால் மருந்து உடம்பிலேயே தங்கி, தூக்கக் கலக்கம், தடுமாற்றம், கீழே விழுவது வரை போகலாம். இப்படிப்பட்டவர்களுக்கு அளவைப் பாதியாகக் குறைப்பார்கள், பாதிப்பு மிகவும் அதிகமென்றால் கொடுக்கவே மாட்டார்கள். ஃபெக்ஸோஃபெனடினுக்கும் அளவுக் குறைப்பு உண்டு. கல்லீரல் சரியில்லாதவர்களுக்கு லோரடடினில் இதே கவனம் வேண்டும். செட்டிரிசினுக்குப் பதிலாகப் பழைய குளோர்பெனிரமினைக் கொடுத்துவிடாதீர்கள், இந்த வயதில் அது குழப்பம், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு எல்லாம் கொண்டுவரும். அம்மாவின் கிரியேட்டினின் ரிப்போர்ட்டையும் அவர் எடுக்கும் எல்லா மாத்திரைகளின் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

பனித்திவலை:

ஒன்றை மட்டும் நானும் சேர்க்கிறேன், இது உங்கள் அம்மாவுக்கும் உங்களுக்கும் சேர்த்துத்தான். உதடு, நாக்கு, தொண்டை வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, தடிப்போடு மயக்கம் வந்தாலோ அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். அந்த நிலையில் உயிரைக் காப்பது அட்ரினலின் ஊசி. கையில் இருந்தால் உடனே தொடையில் போட்டுவிட்டு ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டும்.

மருந்துமேசை:

சரியாகச் சொன்னீர்கள். சாலைவாசி, டாக்டர் அலர்ஜிக்குத் தோலில் குத்திப் பார்க்கும் பரிசோதனை எழுதிக் கொடுத்தால் அதற்குச் சுமார் ஒரு வாரம் முன்பே மாத்திரையை நிறுத்தச் சொல்வார்கள், மாத்திரை உடம்பில் இருந்தால் தோல் தடிக்காமல் முடிவு தப்பாக வரும். நிறுத்த வேண்டிய தேதியை அங்கேயே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மூக்கு ஸ்ப்ரேயையும் நிறுத்த வேண்டுமா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயைத் தொடரச் சொல்லிவிடுவார்கள், அந்த வாரத்தைச் சமாளிக்க அது உதவும்.