ஐயா காலத்து டிராக்டர் பின்னாடி ஒரு இரும்பு உருளை, என்னன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க

வண்டிக்கொட்டகை:
எல்லாருக்கும் வணக்கம். பள்ளத்தூர் பக்கம் எங்க ஊரு. ஐயா வீட்டு பின்கட்டுல இருக்குற கொட்டகைக்கு ஓடு மாத்தணும்னு காலி பண்ணப் போனோம், வைக்கோலுக்கும் ஒடைஞ்ச கூண்டு வண்டிக்கும் பின்னாடி ஒரு பழைய டிராக்டர் நிக்கிது. நிக்கிறது வீட்ல எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், ஆனா உள்ள பாம்பு இருக்குன்னு சொல்லிச் சொல்லியே வளத்ததால கிட்டப் போயி யாரும் பாத்ததில்ல. செவப்பு பெயிண்ட் அடிச்சிருக்கு, அதனால மாஸி பெர்குசன் கம்பெனி டிராக்டர்னே நெனச்சிட்டு இருந்தோம்.

என் சந்தேகம் டிராக்டர் இல்ல. பின்னாடி கலப்பை மாட்டுற ரெண்டு கைக்கும் நடுவுல ஒரு சின்ன இரும்புப் பெட்டி, நாலு போல்ட் போட்டு முடுக்கியிருக்கு. அதுலேருந்து பக்கவாட்டுல ஒரு உருளை நீட்டிக்கிட்டு இருக்கு, டேப் வச்சுப் பாத்தா குறுக்க 9 அங்குலம், அகலம் ஆறரை. கையால தள்ளுனா லேசா அசையுது, சுத்த மாட்டேங்குது.

அப்பாவுக்குத் தெரியல, அவரு சின்ன வயசுலயே ஹாஸ்டல் போயிட்டவரு. அப்பத்தாகிட்ட கேட்டா "அது மெஷினு ஓட்டுறது"ங்குறாங்க, எந்த மெஷினுன்னு கேக்குறதுக்குள்ள தூங்கிப் போயிடுறாங்க. நேத்து பழைய சாமான் எடுக்குற ஒருத்தரு வந்து, டிராக்டர் வேணாம், அந்த உருளைய மட்டும் கழட்டிக் குடுங்கன்னு கேட்டாரு. அதுலதான் எனக்கு உறுத்த ஆரம்பிச்சது.

மானாவாரி:
வின்ச் தம்பி அது. கெணறு வெட்டுறப்ப மண்ணத் தூக்குறதுக்கு கம்பி வடம் சுத்துற டிரம். எங்க பக்கம் எஞ்சின் வச்சு இதே மாதிரி பாத்திருக்கேன்.

ஸ்பேனர் செட்:
மானாவாரி அண்ணே, கோவிச்சுக்காதீங்க, வின்ச் மாதிரி தெரியல. வடம் சுத்துற டிரம்முக்கு ரெண்டு ஓரத்துலயும் வரப்பு மாதிரி ஒசரமா விளிம்பு இருக்கும், இல்லன்னா வடம் வழுக்கி வெளிய வந்துரும். இவரு விளிம்பு பத்தி ஒண்ணுமே சொல்லல.

வண்டிக்கொட்டகை தம்பி, அத வித்துடாதீங்க, மொதல்ல நாலு விஷயம் பாத்துட்டு வாங்க. ஒரு ஸ்கேல உருளை மேல குறுக்க வச்சுப் பாருங்க, நடுவுல மேடா இருக்கா இல்ல சமமா இருக்கான்னு. அப்புறம் அந்த நாலு போல்ட்டக் கழட்டி பெட்டிய வெளிய எடுத்தீங்கன்னா உள்ள டிராக்டர்லேருந்து வர்ற பல்லு வெட்டுன ஷாஃப்ட் தெரியும், எத்தன பல்லு, குறுக்களவு எவ்வளவுன்னு வெர்னியர்ல (துல்லியமா அளக்குற கவ்வு ஸ்கேல்) எடுங்க. டேங்க்ல எத்தன மூடி? கியர் ராடு பக்கத்துல ஏதாவது எழுத்து இருக்கா? பெட்டிய எடுக்குறப்ப கீழ ஒரு தட்டு வைங்க, ஆயில் மிச்சம் இருந்தா கொட்டும்.

வண்டிக்கொட்டகை:
அண்ணே நீங்க சொன்ன மாதிரி பாத்துட்டேன், போல்ட் கழட்டவே ரெண்டு நாள் ஆச்சு, மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப் போட்டு பக்கத்து வீட்டு மாமா பைப்ப மாட்டி நெம்புனாரு. உருளை நடுவுல மேடு இருக்கு, ஸ்கேல் வச்சா ரெண்டு ஓரத்துலயும் வெளிச்சம் தெரியுது. ஷாஃப்ட்ல ஆறு பல்லு, குறுக்களவு 28.5 மில்லிமீட்டர். டேங்க்ல ரெண்டு மூடி. கியர் கிட்ட தொடச்சுப் பாத்தா 'எஸ்'னு ஒரு எழுத்து. தகட்டுல டி.இ.டி.20ன்னு இருக்கு. செவப்பு பெயிண்ட்ட சொரண்டுனா உள்ள சாம்பல் கலரு. பெட்டியிலேருந்து கருப்பட்டிப் பாகு மாதிரி ஏதோ வந்துச்சு. பாம்பு இல்ல.

ஸ்பேனர் செட்:
அடடா. தம்பி, அது பெர்குசன் டி.இ.20. இங்கிலாந்துல கோவெண்ட்ரில 1946லேருந்து 1956 வரைக்கும் பண்ணுனது, அஞ்சு லட்சத்துக்கு மேல போட்டாங்க, ஒரிஜினல் கலரே சாம்பல்தான். 'எஸ்' ஸ்டார்ட்டுக்கு, கியர் ராட அங்க தள்ளுனாத்தான் செல்ஃப் எடுக்கும், கியர்ல கெடக்குறப்ப தெரியாம ஸ்டார்ட் ஆகி ஆள் மேல ஏறாது. டி.இ.டி.ன்னா மண்ணெண்ணெய் மாதிரி எண்ணெய்ல ஓடுறது. ஒரு மூடி அந்த எண்ணெய்க்கு, இன்னொண்ணு பெட்ரோலுக்கு. பெட்ரோல்ல கெளப்பி எஞ்சின் சூடானதும் மாத்தி விடணும், அவசரப்பட்டு மாத்துனா எரியாத எண்ணெய் கீழ எறங்கி எஞ்சின் ஆயில் மோர் மாதிரி ஆயிரும்.

இப்ப உருளைக்கு வர்றேன். அது பெல்ட் புல்லி. பட்டை பெல்ட் போட்டு வேற மெஷின ஓட்டுறதுக்கு கம்பெனியே தனியா வித்த சாமான். நடுவுல மேடு எதுக்குன்னா, ஓடுற பெல்ட் எப்பவும் ஒசரமான எடத்தப் பாத்துத்தான் ஏறும், அதனால தானா நடுவுக்கே வந்து நிக்கும், விளிம்பே தேவையில்ல. டிராக்டர் ஷாஃப்ட் பின்பக்கமா நீளவாக்குல சுத்துது, பெல்ட்டுக்கு குறுக்குவாக்குல சுத்தணும், அத திருப்புறதுக்குத்தான் அந்த பெட்டிக்குள்ள பெவல் கியர், அதாவது சாய்வா பல்லு வெட்டுன சக்கரங்க. சந்தேகம் இருந்தா பெட்டிய கழுவிட்டு ஷாஃப்ட்ட கையால ஒரு சுத்து சுத்துங்க, புல்லி அதவிட அதிகமா சுத்தும். பெல்ட் வேலைக்கு நிமிஷத்துக்கு 3,100 அடி வேகம்னு அப்பவே ஒரு கணக்கு வச்சிருந்தாங்க, 9 அங்குல புல்லிக்கு அது 1,300 சுத்து சொச்சம்.

28.5 மில்லிமீட்டர்ங்குறது ஒண்ணே கால் அங்குலத்துக்கும் கொறவு, ஒண்ணு எட்டுல ஒண்ணு. இப்ப வர்ற டிராக்டர்ல 35, அதனால இந்தப் பெட்டி புது வண்டிக்கு நேரா ஏறாது. கேட்டு வந்த ஆளுக்கு இது நல்லாவே தெரிஞ்சிருக்கும்னு நெனக்கிறேன், யாரோ ஒரு பெர்குசன் வச்சிருக்குறவரு இதத் தேடிக்கிட்டு இருக்காரு.

கடலைக்காடு:
லேட்டா வர்றேன். எனக்கு எழுவது வயசாச்சு, புதுவயல்ல ரைஸ் மில்லுல இருந்தவன், அதுக்கு முன்னாடி எங்கப்பாகூட இந்த மாதிரி ஒரு வண்டியில கூலிக்குப் போயிருக்கேன். உழவு நம்ம பக்கம் கண்மாய்ல தண்ணி வந்தாத்தான், அதுவும் கொஞ்ச நாள். மீதி நாளு வண்டிக்குச் சோறு போட்டது இந்த புல்லிதான். கடலை ஒடைக்கிற மெஷினு, கெணத்து பம்பு, நெல்லு மெஷினு எல்லாம் ஓட்டிருக்கோம். கரண்டு வந்தப்புறம் இதுக்கு வேல போச்சு.

பெல்ட் நீளமா இருக்கும், வண்டி அங்க, மெஷினு இங்க. ரெண்டும் நேரா இல்லேன்னா பெல்ட் கழண்டு அடிக்கும், அதனால ஒரு ஆளு பின்னாடி நின்னு ஒத்தக் கண்ண மூடிக்கிட்டு கயிறு புடிச்ச மாதிரி நேர் பாப்பாரு. அப்புறம் வண்டிய கொஞ்சம் கொஞ்சமா நகத்தி பெல்ட்ட விரைப்பாக்கி, பிரேக் போட்டு, சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கட்டை. கிளட்ச்ச படக்குன்னு விட்டா பெல்ட் தெறிச்சிரும், பையத்தான் விடணும். சில மெஷினு எதிர்ப்பக்கமா சுத்தணும்னா பெல்ட்ட எட்டு மாதிரி குறுக்கப் போடுவோம், அப்படிப் போட்டா புல்லிய நல்லா கவ்வியும் புடிக்கும்.

ஓட்டிப் பாக்கணும்னு ஆசை வந்தா வேட்டிய அவுத்து வச்சுட்டு கால்சட்டை போட்டுக்குங்க தம்பி, துண்டும் தோள்ல வேணாம். சிரிக்கிறதுக்கு சொல்லல. பெல்ட்ட சேத்துப் புடிக்க இரும்பு கிளிப்பு போட்டிருக்கும், துணிய அது இழுத்தா ஆளையும் சேத்துத்தான் இழுக்கும், நான் பாத்திருக்கேன்.

மானாவாரி:
சரி, வின்ச் இல்ல. ஒத்துக்கிட்டேன். பெல்ட் கெடைச்சுதா தம்பி? இருந்தா போட்டோ போடுங்க.

வண்டிக்கொட்டகை:
கடலைக்காடு ஐயா எழுதுனத அப்பத்தாவுக்கு சத்தமா வாசிச்சுக் காட்டுனேன். கடலை மெஷினுன்னதும் முழிச்சுக்கிட்டாங்க, "ஆமா, ராத்திரியெல்லாம் தூசி, உங்க ஐயா இருமிக்கிட்டே வருவாக"ன்னாங்க. பெட்டிய டீசல்ல கழுவி சுத்திப் பாத்தேன், ஒரு சுத்துக்கு புல்லி ஒண்ணே முக்காலுக்கு மேல வருது. சாமான்காரருக்கு இல்லன்னு சொல்லிட்டோம்.

பெல்ட்டுக்கு கொட்டகை பூரா தேடுனேன், பரண்லயும் இல்ல. அப்பத்தாகிட்ட கேட்டா, தெனமும் அதத் தொறந்துதானடா உள்ள போறங்குறாங்க. போயி பாத்தா மாட்டுக் கொட்டகை கதவுக்கு கீலே கெடையாது, மேல கீழ ரெண்டு துண்டு பெல்ட்ட வெட்டி ஆணி அடிச்சிருக்கு. ஆடு அடைக்கிற படலுக்கும் அதேதான். ஒரு துண்டுல கடலைக்காடு ஐயா சொன்ன இரும்பு கிளிப்பு கூட அப்படியே இருக்கு.