லுவார் கரையில் சைக்கிள்: கோட்டைக்கும் கோட்டைக்கும் நடுவே எதிர்ப்படுபவை

ப்ளுவா – ஷாம்போர் – ஷெவெர்னி – ப்ளுவா சுற்று, 50 முதல் 55 கிலோமீட்டர். ப்ளுவா, பிரான்சில் லுவார் ஆற்றங்கரை ஊர்; மற்ற இரண்டும் கோட்டைகள். முதல் தடவை போகிறவர்களுக்கு இதைவிட நல்ல வட்டம் லுவார் பள்ளத்தாக்கில் இல்லை என்பேன். ஒரு நாளில் முடியும், ஆனால் இரண்டு கோட்டைகளையும் உள்ளே போய்ப் பார்ப்பதென்றால் ஷெவெர்னி பக்கம் ஓர் இரவு தங்குங்கள்.

பாரிஸின் ஓஸ்தெர்லிட்ஸ் நிலையத்திலிருந்து ரயில். இறங்கும் நிலையத்தின் பெயர் ‘ப்ளுவா – ஷாம்போர்’. பெயரை நம்பி, வெளியே வந்தால் ஷாம்போர் தெரியும் என்று நினைத்துவிட வேண்டாம். அங்கிருந்து 16 கிலோமீட்டர். ரயிலில் சைக்கிள் மாட்டும் கொக்கிகள் சில மட்டுமே. வெயில்கால சனிக்கிழமைக் காலை வண்டிகளில் அவை பாரிஸிலேயே நிரம்பிவிடும். அந்த வண்டிக்குச் சைக்கிள் முன்பதிவு உண்டா என்று டிக்கெட் எடுக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

நிலையம் மேட்டில். சரிவில் இறங்கி ஆற்றைப் பழைய கல்பாலத்தில் (1724) கடந்து இடதுபுறம் திரும்பினால் கரைப்பாதை. சேன்-தியே என்ற சின்ன ஊர் வரை ஆறு கூடவே வரும். ஷாம்போர் கட்டிய கல் படகில் வந்து இறங்கியது அந்த ஊர்த் துறையில்தான். அங்கிருந்து உள்ளே திரும்பினால் ஐந்து கிலோமீட்டருக்குள் கோட்டை.

*

மேலே சொன்ன வரிசையை மாற்ற வேண்டாம், வலஞ்சுழியாகவே போங்கள். இங்கே காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து. ப்ளுவாவிலிருந்து ஆற்றோரம் கிழக்கே போகும்போது முதுகில் தள்ளும். அந்த வெட்டவெளியில்தான் காற்று உறைக்கும். திரும்பும் வழியில் அது எதிரே வந்தாலும் பூலோன் காடும் ருசி காடும் (பெயரே அதுதான், சாப்பாட்டு ருசி இல்லை) பாதிக்கு மேல் மறைத்துவிடும். இடஞ்சுழியாகப் போனால் கடைசி 15 கிலோமீட்டர், களைத்த காலோடு, ஆற்றங்கரைக் காற்றில்.

குளிர்காலத்திலும் வசந்தத் தொடக்கத்திலும் ஆறு ஏறினால் தாழ்வான துண்டுகளை மூடிவிடுவார்கள். மஞ்சள் பலகையில் ‘தெவியாசியோன்’ என்று இருந்தால் மாற்றுப்பாதை. தடுப்பைத் தாண்டிப் பார்ப்போமே என்று போனால் ஒரு கிலோமீட்டர் தள்ளி, வண்டல் சேற்றில் சில்லு புதையும்போது புரியும்.

*

(டயர் பகுதி மட்டும் ஈழத்துப் பேச்சுத் தமிழில்.) டயரைப் பற்றி ஆரும் சொல்லேல்லை, நான் சொல்லுறன்.

இந்தப் பக்கத்து வேலியளில கருமுள்ளுச் செடி கனக்க. மார்ச் நடுவில இருந்து ஆகஸ்ட் நடு வரைக்கும், பறவையள் கூடு வைக்கிற காலமெண்டு, மானியம் வாங்கிற கமக்காரர் வேலி வெட்டக் கூடாது. தடை முடிஞ்ச கையோட டிராக்டரில வந்து ஒரேயடியா வெட்டித் தள்ளுவினம். அதால ஆகஸ்ட் கடைசியில இருந்து சின்ன ரோட்டுக்கரை முழுக்க முள்ளு. ஜூன் மாசம் ஒரு பஞ்சருமில்லாமல் ஓடின அதே ரோட்டில செப்டெம்பரில ரெண்டு ரியூப் போகும்.

இந்த முள்ளின்ர குணம், நுனி முறிஞ்சு ரப்பருக்குள்ளேயே நிக்கும். வெளியில பார்த்தால் தெரியாது. புது ரியூப் போட்டு ரெண்டு கிலோமீட்டரில திரும்பக் காத்துப் போனால் காரணம் அதுதான். ரியூப்பை இழுக்க முதல், வால்வு டயரில எந்த எழுத்துக்கு நேர நிக்குது எண்டு பார்த்து வையுங்கோ. ரியூப்பில ஓட்டையைக் கண்டுபிடிச்சால், வால்வில இருந்து அதே தூரத்தில டயரிலயும் முள்ளு இருக்கும். ரெண்டு பக்கமும் பாருங்கோ, ரியூப் திரும்பியிருக்கலாம். விரலால தடவாதேங்கோ, கிழிக்கும். பழைய துணியை உள்ளுக்க ஓட்டினால் முள்ளில துணி இழுபடும். அந்த இடத்தை மடிச்சுப் பிடிச்சு, சாவணத்தால உள்பக்கமாக இழுங்கோ.

ஒட்டுப் போடேக்க, பசை மினுக்கம் போகும் வரைக்கும் அஞ்சு நிமிசம் பொறுங்கோ. ஈரப் பசையில ஒட்டினது நிக்காது. வாடகைச் சைக்கிளில மெல்லிய வால்வா தடிச்ச வால்வா எண்டு கடையிலேயே பார்த்து, அதுக்குப் பொருந்திற பம்பும் ரியூப்பும் வாங்குங்கோ. மெல்லிய வால்வுக்கு, பெற்றோல் ஸ்டேஷனில காத்தடிக்கச் சின்னப் பித்தளை அடாப்டர் வேணும்.

40 மி.மீ. டயருக்கு 3 முதல் 3.5 பார் காத்தழுத்தம் போதும். பின்னுக்குச் சாமான் எண்டால் பின்சில்லுக்குக் கொஞ்சம் கூட. 28 மி.மீ. டயரோட காட்டுப்பாதைக்கு வாறது வீண் பிடிவாதம்.

*

டயர் விஷயத்தோடு சேர்த்து: தார் போடாத துண்டுகளில் சுண்ணாம்புக்கல் பொடி இறுக்கிய பாதை. உலர்ந்திருந்தால் அருமை. மழை பெய்தால் இட்லி மாவு மாதிரி வெள்ளையாகக் கரைந்து சங்கிலியிலும் பிரேக்கிலும் ஏறும். காய்ந்ததும் உப்புத்தாள். நனைந்த அன்றே தங்குமிடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவி, துடைத்து, எண்ணெய் இடுங்கள். இந்தப் பாதையில் ‘அக்கேய் வேலோ’ என்ற பலகை உள்ள விடுதிகள் சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் அடிப்படைக் கருவிகளும் தருவார்கள். பாதையிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் விடுதிகளுக்கே அந்தப் பலகை கிடைக்கும்.

*

காடு. இங்கேதான் பலர் வழி தப்புகிறார்கள், ஏனென்று சொல்கிறேன். இவை அரசர்களின் வேட்டைக் காடுகள். மானைத் துரத்த வசதியாக நேர்நேரான பாதைகளை வெட்டி, ஆறு, எட்டுப் பாதைகள் ஒரே புள்ளியில் சேரும்படி விட்டிருக்கிறார்கள். நட்சத்திரம் என்றே பெயர். நடுவில் நின்று சுற்றிப் பார்த்தால் எல்லாத் திசையும் ஒரே மாதிரி: இரண்டு பக்கமும் ஓக் மரம், நடுவில் புல், கடைசியில் ஒரு வெளிச்சப் புள்ளி. எந்தப் பாதையில் வந்தோம் என்பதே மறந்துபோகும். சைக்கிளைத் திருப்புவதற்கு முன்பு வந்த திசைக்கு நேரே ஒரு குச்சியைத் தரையில் போடுங்கள். சிரிப்பாக இருக்கும், வேலை செய்யும்.

காட்டுத் துண்டுகளின் மூலையில், மரத்தில் சின்ன எண் இருக்கும். அது வனத்துறையின் துண்டு எண். விழுந்து அடிபட்டு 112 கூப்பிட்டால், காட்டின் பெயரையும் அந்த எண்ணையும் சொல்லுங்கள்.

நடைபாதைக் குறிகளையும் தெரிந்து வைத்திருங்கள். வெள்ளைக்கோட்டின் கீழ் சிவப்புக்கோடு நெடும்பாதை, மஞ்சள் உள்ளூர்ச் சுற்று. பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் உங்கள் பாதை இல்லை.

ஷாம்போரில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை. 5,440 ஹெக்டேர், சுற்றிலும் 32 கிலோமீட்டர் மதில். வாயில்கள் சிலவே, பெரும்பகுதி மூடிய வனம். கைபேசிச் செயலி குறுக்குவழி என்று காட்டும் கோடு சில இடங்களில் நேரே மதிலில் போய் முட்டும். ஆறு கிலோமீட்டர் திரும்பி மிதிக்க வேண்டியதுதான். வாயிலைக் குறியாக வைத்தே பாதை போடுங்கள்.

*

உண்ணி பற்றி. மார்ச் முதல் நவம்பர் வரை உண்டு, வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அதிகம். பெரியது கண்ணில் படும். ஆபத்து, கசகசா அளவில் இருக்கும் குஞ்சு. மாலையில் குளிக்கும்போது முழங்காலின் பின்புறம், தொடையிடுக்கு, இடுப்புப்பட்டி, அக்குள், குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். பச்சைச் சிலுவை போட்ட மருந்துக்கடையில் இரண்டு அளவில் பிளாஸ்டிக் கொக்கி விற்பார்கள். தோலை ஒட்டிக் கொக்கியை நுழைத்து, மெதுவாகத் திருகினால் தானே விட்டுவிடும். எண்ணெய், ஆல்கஹால், தீக்குச்சி எதுவும் முதலில் வேண்டாம். உண்ணி உள்ளே இருப்பதைக் கக்கிவிடக்கூடும். எடுத்த பிறகு கிருமிநாசினி. தேதியைக் குறித்து ஒரு மாதம் அந்த இடத்தைக் கவனியுங்கள். சிவப்பு வட்டம் விரிந்துகொண்டே போனால் லைம் நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள்.

கோடைத் தொடக்கத்தில் ஓக் மரத்தண்டில் வெள்ளை வலைக் கூடு தெரிந்தால் சைக்கிளை அதில் சாய்க்காதீர்கள். கம்பளிப்பூச்சிக் கூடு அது. பூச்சி போன பிறகும் அதன் மயிர் அரிக்கும்.

*

சோறு, தண்ணீர். கிராமத்து ரொட்டிக்கடை பன்னிரண்டரை வாக்கில் மூடினால் மூன்று, மூன்றரை வரை திறக்காது. திங்கட்கிழமை பல ஊரில் விடுமுறை, ஞாயிறு பிற்பகலும் அப்படியே. சாப்பாட்டுக்கடையில் மதியச் சாப்பாடு பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை. இரண்டே காலுக்குப் போய்க் கெஞ்சிப் பயனில்லை. காலை பத்து மணிக்கே ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பையில் போட்டுக்கொள்பவர் பிழைத்தார்.

தண்ணீருக்கு இங்கே ஒரு பழைய வழி, கல்லறைத் தோட்டம். பூச்செடிக்கு ஊற்றுவதற்காக வாசலருகே குழாய் இருக்கும். ‘நோன் பொத்தாப்ள்’ என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. உறைபனிக் காலத்தில் அடைத்து வைப்பார்கள். அமைதியாக நிரப்பிக்கொண்டு வந்துவிடுங்கள்.

*

கோட்டைகள் பற்றி இரண்டே வார்த்தை. ‘ஷாத்தோ’வை எல்லோரும் கோட்டை என்கிறோம், ஆனால் 1519-ல் தொடங்கிய ஷாம்போரும் பிறகு வந்த ஷெவெர்னியும் சண்டைக்குக் கட்டியவை அல்ல, மாளிகைகள். உண்மையான கோட்டை பார்க்க வேண்டுமானால் ஷினோன் போங்கள். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள், சாமானைத் தங்குமிடத்தில் வைத்துவிட்டு வாருங்கள். பெடலில் பூட்டும் காலணி கல்படியில் வழுக்கும், ஷாம்போரின் இரட்டைச் சுருள் படிக்கட்டில் ஏற மாற்றுச் செருப்பு எடுங்கள்.

*

செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் நடு வரை கலைமான் கத்தும் காலம். ஷாம்போரில் பொதுமக்களுக்கான பார்வை மேடைகள் உண்டு. பொழுது சாய ஒரு மணி நேரம் முன்பே போய் உட்காருங்கள். முதலில் தூரத்தில் லாரி உறுமுவது போலக் கேட்கும், பிறகு பதில் குரல் வரும். இறங்கிக் கிட்டே போகவே கூடாது.

அதே பருவத்தில் வேட்டையும் தொடங்கும், பிப்ரவரி கடைசி வரை. காட்டு முனையில் ‘ஷாஸ் அன் கூர்’ (வேட்டை நடக்கிறது) என்ற பலகை இருந்தால் அன்று அந்தப் பாதை வேண்டாம், தார் ரோட்டில் போங்கள். பளிச்சென்ற மேலங்கி பகலிலும் நல்லது. ஊருக்கு வெளியே இரவில் சட்டப்படியே கட்டாயம். காதில் இயர்போன் மாட்டினால் 135 யூரோ அபராதம். 12 வயதுக்குக் கீழே ஹெல்மெட் கட்டாயம்.

இருட்டில் திரும்பும்போது ஒரு மான் குறுக்கே ஓடினால், போய்விட்டதென்று உடனே மிதிக்காதீர்கள். பின்னால் இன்னும் இரண்டு வரும்.