டிஎல்சிக்குக் காசு கொடுத்த கதைகள்

லைன்வீட்டான்:
டிஎல்சி என்றால் மெயின் கேமுக்குமேல் தனியாக வாங்கிச் சேர்க்கிற பகுதி. யூரோ டிரக் 2, ஐரோப்பா ரோட்டில் லோரி ஓட்டுகிற கம்ப்யூட்டர் கேம், எல்லாருக்கும் தெரிந்ததுதான். போன தீபாவளி லீவில் அப்பா வந்து, "தள்ளு, நான் ஓட்டுறேன்" என்றார். சுங்கை சிப்புட்டிலிருந்து பட்டர்வொர்த்துக்குச் செம்பனை எண்ணெய் டேங்கர் ஓட்டுகிறவர், 22 வருசமாக. இங்கிலாந்தில் பிரச்சினை இல்லை, மலேசியாவில் நம்மைப் போல இடது பக்கம்தான். டோவரில் கப்பல் ஏறி, வலது பக்கம் ஓட்டுகிற பிரான்சின் கலேயில் இறங்கியவர், பழக்கதோஷத்தில் இடது பக்கமே விட்டார். எதிரில் வந்த கார்மேல் மோதிவிட்டு, "அவன்தான் தப்பா வந்தான்" என்று சாதித்தார்.

அப்புறம்தான் ஸ்காண்டிநேவியா மேப் டிஎல்சி வாங்கினேன். 2015இல் வந்தது, எனக்குத் தள்ளுபடியில் கிடைத்தது. சுவீடனில் சோதெர்தாலியே என்று ஓர் ஊர், ஸ்கேனியா லோரி ஃபேக்டரி இருக்கும் இடம். கேமிலும் அது இருக்கிறது. அப்பா ஓட்டுவதும் ஸ்கேனியாதான். கேட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருந்தார். ஓட்டியது கீபோர்டில், ஆனால் இடது கை மட்டும் இல்லாத கியரைத் தேடித் தொடைப் பக்கம் போய்வந்தது. "இங்கேர்ந்தா வருது" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு நிமிஷத்துக்கே காசு தகும் என்பேன்.

பனிப்பைத்தியம்:
அண்ணே, உங்களுக்கு அமைந்தது. ஊர் கட்டுகிற கேமான சிட்டீஸ் ஸ்கைலைன்ஸில் நம்ம டவுனையே கட்டி வைத்திருந்தேன், ரயில்வே ஸ்டேஷன் உட்பட. அதன்மேல் பனி கொட்டுவதைப் பார்க்க ஆசை. ஸ்னோஃபால் என்ற டிஎல்சியை வாங்கி, ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் ராத்திரி முழுக்க இறக்கினேன். மறுநாள் சாயங்காலம் திறக்கிறேன், வெளியே தகரக் கூரையில் மழை சடசடவென்று கொட்டுகிறது, ஸ்கிரீனில் பளீரென்று வெயில். பனி, குளிர்கால மேப்பில் மட்டும்தானாம். பழைய ஊருக்கு வராது. ட்ராம் கிடைத்தது. சுங்கை சிப்புட்டில் ட்ராம் விட்டேன். சிரிக்காதீர்கள்.

கணக்கப்பிள்ளை:
தம்பி பனி, தப்பு உங்கள்மேல்தான். படித்துப் பார்க்காமல் யார் வாங்கச் சொன்னது? லைன்வீட்டான் சொல்வதும் எனக்கு ஒப்பவில்லை. அப்பா பார்த்தது ஒரு கேட், அதை யூடியூபில் சும்மாவே காட்டியிருக்கலாம்.

சரி, கேட்காமலே சொல்கிறேன். ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் டிஎல்சி வாங்கி 14 நாளுக்குள், வாங்கியபின் மெயின் கேமை 2 மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் முதல் அரை மணியில் நீங்கள் தேடிப் போனதை மட்டும் பாருங்கள். கேமைத் திறந்து வைத்துவிட்டுத் தூங்கினால் அந்த நேரமும் ஏறும். அடுத்தது, மேப் கூட்டுகிற டிஎல்சி வேறு, லோரிக்குப் பெயிண்ட் அடிக்கிற டிஎல்சி வேறு. வீடு கட்டிக் குடும்பம் நடத்துகிற ஸிம்ஸ் 4 மெயின் கேம் 2022 அக்டோபரிலிருந்து இலவசம் என்று குதிக்காதீர்கள், வெள்ளி கரைவது பேக் என்ற அதன் டிஎல்சிகளில்தான். ஒன்றை வாங்கி, அதை ஆடிச் சலித்தபிறகு அடுத்ததைத் தொடுங்கள். மொத்தமாக அள்ளினால் பாதி திறக்காமலே கிடக்கும்.

என் கதையா? தங்கச்சிக்கு ஸிம்ஸில் நாய் பூனை பேக் வாங்கிக் கொடுத்தேன். இரண்டு நாள் ஆடினாள். இப்போது வீட்டில் நிஜப் பூனை இருக்கிறது, சார்டின் டின் செலவு என்னுடையது.

பனிப்பைத்தியம்:
நான் வாங்கியது 2019இல் அண்ணே. 14 நாள் எப்போதோ போய்விட்டது.

லைன்வீட்டான்:
கணக்கு அண்ணே, யூடியூபில் காட்டினால் அப்பா பார்த்திருப்பார், ஓட்டிக்கொண்டு போய் நிறுத்தியிருக்க மாட்டார். அது வேறு, இது வேறு. பெயிண்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அவருடைய லோரி மஞ்சள், கேமிலும் மஞ்சள்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். அதற்கு டிஎல்சி தேவைப்படவில்லை, கேமில் கிடைக்கிற காசிலேயே அடித்தாயிற்று.

இப்போது கிரீஸ் நாட்டு மேப் டிஎல்சி கேட்கிறார், 2024 டிசம்பரில் வந்தது. ஏன்பா கிரீஸ் என்றால், "சுவீடன்ல ஒரே இருட்டு, அங்கயாவது வெயில் அடிக்குமா பாரு" என்கிறார். தள்ளுபடி வரட்டும் என்று சொல்லியிருக்கிறேன். வேலை முடிந்து வந்து தினமும், "வந்துடுச்சா?" என்று கேட்கிறார்.