மகளுக்கு ‘ஹவுஸ்’ ஒதுக்கியிருக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்ட சகோதரிக்கு

பெருந்துறையிலிருந்து மெல்பர்ன் சென்று மூன்று வாரமே ஆகிறது, பள்ளியில் மகளை ஏதோ ஒரு ‘ஹவுஸ்’ என்பதில் சேர்த்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். ஆறு ஆண்டுகள் அங்கே பிள்ளைகளைப் படிக்கவைத்துவிட்டுக் கோபிசெட்டிப்பாளையம் திரும்பியவள் என்பதால், சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஹவுஸ் என்பது பள்ளிப் பிள்ளைகளைப் பிரித்துச் சேர்க்கும் ஓர் அணி. நம் பக்கத்து மெட்ரிக் பள்ளிகளிலும் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று அணிகள் உண்டு. ஆனால் விளையாட்டு விழா முடிந்தால் அந்த நிறச் சட்டை பெரும்பாலும் பீரோவுக்குள் போய்விடும். அதனால்தான் நாம் இதைப் பெரிதாக எண்ணுவதில்லை. இங்கிலாந்தின் விடுதிப் பள்ளிகளில், ஒரே கட்டடத்தில் உண்டு உறங்கிய மாணவர்களின் கூட்டத்துக்கே ஹவுஸ் என்று பெயர். நமக்கு அருகே ஊட்டி லவ்டேலில் 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளியிலும் நீலகிரி, விந்தியா, ஆரவல்லி, சிவாலிக் என்று ஹவுஸ்கள் உள்ளன. வீட்டிலிருந்து வந்துபோகும் பிள்ளைகளின் பள்ளிகளும் பின்னர் இந்த வழக்கத்தை எடுத்துக்கொண்டன. 7ஆம் வகுப்புப் பிள்ளையும் 12ஆம் வகுப்புப் பிள்ளையும் ஒரே ஹவுஸில் இருப்பார்கள் என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஊரில் வளவுக்குள் வளரும் பிள்ளைக்குத் தானாகக் கிடைக்கும் அக்காவும் அண்ணனும் அந்நிய ஊரில் இந்த வழியாகத்தான் கிடைக்கிறார்கள்.

அங்கே பள்ளி ஆண்டு ஜனவரிக் கடைசியில் தொடங்குவதால், பிப்ரவரி, மார்ச்சுக்குள் ஹவுஸ்களுக்கிடையே நீச்சல் போட்டி வந்துவிடும், ‘கார்னிவல்’ என்பார்கள். முதல் ஆண்டு, பாடம் நடக்காத நாள்தானே என்று மகனை வீட்டில் இருத்திக் கணக்குப் போடவைத்தேன். மறுநாள் திரும்பிவந்தவன், “எல்லாரும் நேத்து நடந்ததையே பேசினாங்க, எனக்குப் பேச ஒண்ணுமே இல்லைம்மா” என்றான். அதை நினைத்தால் இன்றும் மனது வலிக்கிறது.

அடுத்த ஆண்டு அனுப்பினேன். தோட்டத்துக் கிணற்றில் இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டி அவனுடைய அப்பச்சி பழக்கிய நீச்சல்தான் அவனுக்குத் தெரியும்; 50 மீட்டரில் கடைசியாகவே வந்தான். ஆனால் அந்தப் பள்ளியில் நீந்தி முடித்தாலே ஹவுஸுக்குப் புள்ளி உண்டு. முகத்தில் மஞ்சள் சாயம் பூசிய பெரிய வகுப்புப் பையன்கள் கரையோரம் மண்டியிட்டு, அதுவரை யாரும் சரியாக உச்சரிக்காத அவன் பெயரை முழுதாகச் சொல்லிக் கூவினார்கள். அன்றிலிருந்து மதிய உணவுக்கு அவன் தனியாக உட்காரவில்லை.

தம்பி தங்கை இருந்தால், அவர்களையும் அதே ஹவுஸில் சேர்க்க முடியுமா என்று பள்ளியில் கேளுங்கள்; பல பள்ளிகளில் இது வழக்கம். மேற்கு ஆஸ்திரேலியாவுக்குச் செல்பவர்கள், அங்கே ஹவுஸை ‘ஃபாக்‌ஷன்’ என்று அழைப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். விளையாட்டில் நாட்டமில்லாத பிள்ளைக்கு இசை, விவாதம் போன்ற ஹவுஸ் போட்டிகளும் பல பள்ளிகளில் உண்டு. மகளுக்கு நீச்சல் தெரியாவிட்டால் அனுமதிப் படிவத்தில் அதைத் தெளிவாக எழுதிவிடுங்கள். ஆனாலும் ஹவுஸ் நிறச் சட்டையை இந்த வாரமே வாங்கி, கார்னிவல் அன்றைக்கு அவளைக் கட்டாயம் அனுப்புங்கள்.